கெமிஸ்ட்ரியில் ஒரு எஸ் வந்தால் கம்பஸ் போச்சா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். தங்கச்சி மஸ்கெலியாப் பக்கம் தோட்டத்தில் இருந்து பஸ்ஸில் போய் வந்து படித்து, உயர்தரம் உயிரியல் பிரிவில் முதல் தடவை எழுதியிருக்கிறாள். உயிரியல் பி, பௌதிகவியல் சி, இரசாயனவியல் எஸ், அதாவது சாதாரண சித்தி. நீங்கள் கொழும்பில் கடையில் நின்று அவளுடைய டியூஷன் காசைக் கட்டிய அண்ணன். எஸ் ஒன்று இருந்தாலே கம்பஸ் கிடைக்காது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கெமிஸ்ட்ரியை மட்டும் திரும்ப எழுதலாமா என்று கேட்கிறீர்கள். பாடசாலைத் தவணைப் பரீட்சையில் 28, 31 என்று எடுத்த புள்ளிகளும் பல்கலைக்கழகத்துக்குப் போகுமோ என்ற பயம் வேறு. இதற்கு நடுவில் மாமா ஒருவர் "ஆர்ட்ஸுக்கு மாத்திவிடு" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்.

நான் ஹட்டன் பக்கம் இருபது வருடத்துக்கு மேலாக இரசாயனவியல் படிப்பிக்கிறவன். ரிசல்ட் வந்த மறுநாள் வீட்டு வாசலில் வந்து நிற்கிற பெற்றோரை வருடா வருடம் பார்க்கிறேன். எல்லோரும் நீங்கள் சொன்ன மாதிரியே மூன்று எழுத்தைத்தான் சொல்வார்கள். பி, சி, எஸ். அதை வைத்து என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. பெறுபேற்றுத் தாளில் அந்த எழுத்துகளோடு இன்னும் மூன்று விஷயங்கள் இருக்கின்றன: இசட் புள்ளி, மாவட்ட நிலை, அகில இலங்கை நிலை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பிள்ளைகளைத் தெரிவு செய்வது அந்த இசட் புள்ளியை வைத்து. எழுத்துக்கு அங்கே உள்ள வேலை, பிள்ளை வாசலுக்குள் வரலாமா கூடாதா என்று பார்ப்பது மட்டும்தான். மூன்று பாடத்திலும் குறைந்தது எஸ், அதுவும் ஒரே தடவையில், அதோடு பொதுச் சாதாரண பரீட்சையில் 30 புள்ளி. தங்கச்சி வாசலைத் தாண்டிவிட்டாள். எஸ்ஸைப் பார்த்து அழுகிற வீட்டில் நான் முதலில் சொல்வது இதைத்தான், ஒரு எஃப் வந்திருந்தால் மற்ற இரண்டும் ஏ என்றாலும் அந்த வருடம் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது. எஸ்ஸுக்கும் எஃப்புக்கும் நடுவில் ஒரு புள்ளி வித்தியாசம்கூட இருக்கலாம், ஆனால் அதற்கு இந்தப் பக்கம் ஒரு உலகம், அந்தப் பக்கம் வேறு உலகம்.

(பொதுச் சாதாரண பரீட்சையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூட அதை விளையாட்டாக எழுதிவிட்டு வருவார்கள். தாளில் அந்த இலக்கத்தையும் ஒருமுறை பாருங்கள்.)

இனி எஸ் என்றால் என்ன என்று பார்ப்போம். 75உம் அதற்கு மேலும் ஏ, 65 முதல் 74 வரை பி, 55 முதல் 64 வரை சி, 35 முதல் 54 வரை எஸ். கவனியுங்கள், பியும் சியும் பத்துப் புள்ளி அகலம், எஸ் மட்டும் இருபது புள்ளி அகலம். 35 எடுத்தவனும் எஸ், 54 எடுத்தவனும் எஸ். லயத்தில் ஒரே காம்பராவுக்குள் இரண்டு குடும்பத்தை வைத்த மாதிரி, வெளியில் இருந்து பார்த்தால் ஒரு கதவு, உள்ளே நிலைமை வேறு வேறு.

இசட் புள்ளி எப்படி வருகிறது என்று விளங்கினால் உங்கள் பயத்தில் பாதி போய்விடும். ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளியில் இருந்து, அந்தப் பாடத்தை நாடு முழுக்க எழுதியவர்களின் சராசரியைக் கழிக்க வேண்டும். வருவதை நியம விலகலால் பிரிக்க வேண்டும். நியம விலகல் என்றால் புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதற்கான அளவு. மூன்று பாடத்துக்கும் இப்படி எடுத்து, கூட்டி, மூன்றால் பிரித்தால் வருவதுதான் தாளில் உள்ள இசட்.

எண் போட்டுப் பார்ப்போம். இவை உதாரணத்துக்கு நான் எடுத்த எண்கள், எந்த வருடத்து உண்மைப் புள்ளியும் இல்லை. இரசாயனவியலில் நாடு முழுக்கச் சராசரி 42, நியம விலகல் 18 என்று வையுங்கள். ஒரு பிள்ளை 52 எடுக்கிறது. 10ஐ 18ஆல் பிரித்தால் 0.56. இன்னொரு பிள்ளை 37 எடுக்கிறது. அது சராசரிக்கும் கீழே, மறை 0.28. இரண்டு பேருக்கும் தாளில் எஸ்தான் விழும். ஆனால் இரண்டு பேருக்கும் நடுவில் இந்தப் பாடத்தில் மட்டும் 0.83 வித்தியாசம், மூன்றால் பிரித்தால் கடைசி இசட்டில் கிட்டத்தட்ட 0.28. இது சின்னத் தொகை இல்லை தம்பி. இசட் புள்ளி நான்கு தசம தானத்துக்குப் போகிறது, மூன்றாம் நான்காம் தசமத்தில் இடம் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் பாருங்கள், இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பௌதிகவியல் தாள் ஒரு வருடம் கடுமையாக வருகிறது, சராசரி 38, விலகல் 18. ஒரு பிள்ளை 54 எடுக்கிறது, எஸ். இசட் 0.89. வேறொரு பாடம் இலகுவாக வந்து சராசரி 58, விலகல் 14, அதில் ஒருவர் 67 எடுத்து பி. இசட் 0.64. ஆக எஸ் பியை வென்றுவிட்டது! கடினமான பாடத்தில் எடுக்கிற நடுத்தரப் புள்ளியை இந்த முறை தண்டிப்பதில்லை. எல்லோரும் சறுக்குகிற இடத்தில் நீங்கள் கொஞ்சம் குறைவாகச் சறுக்கினால் அதற்குப் பெறுமதி உண்டு.

எங்கள் காலத்தில் இது இல்லை. நான் 90களில் எழுதியபோது உயிரியல் பிரிவுக்கு நான்கு பாடம், தாவரவியலும் விலங்கியலும் தனித்தனி. நான்கு பாடத்துப் புள்ளியையும் அப்படியே கூட்டி 400க்கு எவ்வளவு என்று பார்ப்பார்கள், எந்தத் தாள் கடினம் எந்தத் தாள் இலகு என்ற கணக்கே கிடையாது. எனக்கு முதல் ஷையில், அதாவது முதல் தடவையில், பௌதிகவியல் காலை வாரியது. கூட்டுத்தொகை கொஞ்சம் குறைந்து ஒரு வருடம் போனது. அந்த வருடம் பாடசாலையில் ஒரு ஆசிரியர் "உனக்கு சயன்ஸ் சரிவராது, தோட்டத்து ஒஃபிஸில் கிளாக் வேலைக்குப் போடு" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னவர் இல்லை, அவருக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். மூன்று பாடத்துக்கு வந்த பிறகு 2001இல் இருந்து இசட் முறை. அதிலும் வழக்கு வம்பு இருந்தது, 2011 பரீட்சையில் பழைய பாடத்திட்டம், புதிய பாடத்திட்டம் இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகப் போட்டுக் கணக்கிட, அடுத்த வருடம் விஷயம் உயர் நீதிமன்றம் வரை போய், பிரித்துக் கணக்கிட வேண்டியதாயிற்று. யாரோடு யாரை ஒப்பிடுகிறோம் என்பதுதான் இசட்டின் உயிர், அதனால்தான் அந்தச் சண்டை.

சரி, தவணைப் பரீட்சை. அந்த 28ஐயும் 31ஐயும் மறந்துவிடுங்கள். இலங்கைப் பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பாடசாலைப் புள்ளி ஒரு சதம்கூடப் போகாது. இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும், பிள்ளைகள் யூடியூப்பில் அமெரிக்கக் கல்லூரி அனுமதி பற்றிய வீடியோக்களைப் பார்க்கிறார்கள். அங்கே கதை வேறு. 9ஆம் வகுப்பில் இருந்து 12ஆம் வகுப்பு வரை நாலு வருடத்து வகுப்புத் தரம் முழுவதும் ஒரு தாளாகக் கல்லூரிக்குப் போகும், மேல்நிலைக் கெமிஸ்ட்ரி வகுப்பு எடுத்து அதில் சி வாங்கியவளா, இலகுவான வகுப்பு எடுத்து ஏ வாங்கியவளா என்று உட்கார்ந்து வாசிப்பார்கள், ஆசிரியர் கடிதம் பார்ப்பார்கள், பிள்ளை எழுதிய கட்டுரை பார்ப்பார்கள். ஒரு சி விழுந்தால் அடுத்த தவணை ஏறிக் காட்டி, இடையில் என்ன நடந்தது என்று விளக்கமும் எழுதலாம். இங்கே விளக்கம் கேட்க ஆள் இல்லை. அப்பாவுக்கு வருத்தம், ஆறு மாதமாக கெமிஸ்ட்ரிக்கு டீச்சர் இல்லை, பஸ் இல்லாமல் நடந்து போனேன், எதையும் எழுத இடம் இல்லை. நான் இதை எல்லா நாளும் குறை சொல்ல மாட்டேன். கடிதம் எழுதித் தர ஆள் இல்லாத பிள்ளைக்குக் கடிதம் கேட்காத முறை ஒரு வகையில் நல்லதுதான்.

ஆனால் ஒரு விளக்கத்தை மட்டும் இந்த முறையும் கொஞ்சம் கேட்கிறது, அது மாவட்டம். கலைப் பிரிவு தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் இடம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில். 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகை விகிதத்தில். மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறித்த 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. நுவரெலியாவும் பதுளையும் இரத்தினபுரியும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கண்டி, மாத்தளை, கேகாலை இல்லை. மலையகம் என்று நாம் ஒன்றாகச் சொல்கிறோம், ஆணைக்குழுவுக்கு அது பல துண்டு. புசல்லாவையில் பஸ் ஏறி நுவரெலியாப் பக்கம் கொஞ்சத் தூரம் போனால் மாவட்டம் மாறிவிடும், தேயிலை அதே தேயிலை, லயம் அதே லயம், பாடசாலையில் ஆசிரியர் பற்றாக்குறையும் அதே, ஆனால் மருத்துவத்துக்கோ விவசாயத்துக்கோ வெட்டுப்புள்ளி, அதாவது உள்ளே எடுத்த கடைசிப் பிள்ளையின் இசட், வேறு. உங்கள் தங்கச்சி நுவரெலியா மாவட்டம். அதே பி, சி, எஸ்ஸை வைத்துக்கொண்டு கண்டிப் பிள்ளை ஒருத்தி கேட்டால் நான் வேறு பதில் சொல்ல வேண்டி வரும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மாவட்டத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் பிள்ளை எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தது என்பது. சில வருடத்துக்கு முன் தலவாக்கலைப் பக்கத்துப் பையன் ஒருவன், கெட்டிக்காரன், ஓ.எல். முடித்ததும் நல்ல டீச்சர்மார் இருக்கிறார்கள் என்று சொந்தக்காரர் வீட்டில் தங்கிக் கண்டியில் போய்ச் சேர்ந்தான். நல்ல டீச்சர்மார் இருந்தது உண்மை, அவனுடைய இசட்டும் மோசம் இல்லை. ஊரில் அவனோடு ஓ.எல். எழுதியவன் அவனைவிடக் குறைந்த இசட்டில் உள்ளே போனான், இவன் செகண்ட் ஷைக்கு உட்கார்ந்தான். போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் தமிழ் மொழிமூலம் விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி பாடசாலைகளே விரல் விட்டு எண்ணுகிற அளவு, பௌதிகவியலுக்கு ஆள் இல்லாமல் ஒரு தவணை முழுக்கப் போவது சாதாரணம், அப்படியிருக்கப் போகாமல் என்ன செய்வது. ஆனால் அந்த நிபந்தனையை ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் வாசித்துவிட்டுப் போங்கள். உங்கள் தங்கச்சி இரண்டாம் தடவைக்குக் கொழும்பில் உங்களோடு வந்து தங்கி கிளாஸ் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்களே, கிளாஸ் போகலாம், பாடசாலைப் பதிவை மாற்றுகிற எண்ணம் இருந்தால் மட்டும் இதை முதலில் பாருங்கள்.

கெமிஸ்ட்ரியை மட்டும் திரும்ப எழுதலாமா? எழுதலாம், ஆனால் கம்பஸுக்கு எடுபடாது. மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தி, இசட்டும் அந்தத் தடவையின் மூன்று பாடத்துக்குத்தான். போன வருடத்து உயிரியல் பியையும் இந்த வருடத்துக் கெமிஸ்ட்ரி ஏயையும் ஒட்ட முடியாது. ஆகவே செகண்ட் ஷை என்றால் மூன்று பாடத்தையும் முதலில் இருந்து எழுத வேண்டும், அந்த பி சியாகிற ஆபத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும். இது நடக்கும், நான் பார்த்திருக்கிறேன். கெமிஸ்ட்ரி எஸ்ஸைத் துரத்திக்கொண்டு போய் அதைப் பியாக்கிவிட்டு, கவனிக்காமல் விட்ட உயிரியல் எஸ்ஸாகி, மொத்த இசட் பழையபடி அதே இடத்தில் நின்றது. மொத்தம் மூன்று தடவை எழுதலாம் என்பதால் அவசரத்தில் ஒன்றை வீணாக்கக் கூடாது.

காலமும் பெரிதாகக் கிடைக்காது. 2024 பரீட்சை நவம்பர் கடைசியில் தொடங்கியது, பெறுபேறு 2025 ஏப்ரல் கடைசியில் வந்தது, 2025 பரீட்சை நவம்பரில். ரிசல்ட்டைப் பார்த்துவிட்டுப் புத்தகம் திறந்தவர்களுக்கு ஏழு மாதம்கூட முழுசாக இல்லை. பரீட்சை முடிந்ததும் புத்தகத்தைக் கட்டித் தட்டில் போட்டுவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த பிள்ளைக்கு அந்த ஏழு மாதத்தில் முதல் இரண்டு மாதம் மறந்ததைத் திரும்பப் பிடிக்கவே போகும். தங்கச்சி இப்போது என்ன செய்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. கடையில் வேலைக்குப் போகிறாளா, வீட்டில் இருக்கிறாளா, புத்தகத்தைத் தொடுகிறாளா? எழுதவா வேண்டாமா என்ற முடிவில் பாதி அதில் இருக்கிறது.

எழுதுவது என்று முடிவானால் கெமிஸ்ட்ரி எஸ்ஸைப் பற்றி என் தொழிலில் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பிள்ளைகள் விழுவது பெரும்பாலும் இரண்டாம் பகுதிக் கட்டுரைகளில் என்று வீட்டார் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் பாதிப் பேர் விழுவது முதல் வினாத்தாளில். 50 பல்தேர்வு, இரண்டு மணித்தியாலம், ஐந்து ஐந்து விடை. கணிப்பான் கிடையாது. 8.314ஐ 300ஆல் பெருக்கிக்கொண்டு, கீழே இன்னொரு தசமத்தை வைத்துப் பிரித்துக்கொண்டு, ஒரே கணக்கில் ஐந்து நிமிடத்தைத் தொலைத்துவிட்டு, 31 முதல் 40 வரை உள்ள, ஒன்றுக்கு மேற்பட்ட கூற்றுகள் சரியாக இருக்கக்கூடிய வினாக்களுக்கு வரும்போது தலை சுற்றும். 41 முதல் 50 வரை இரண்டு கூற்று, இரண்டும் சரியா, சரி என்றால் இரண்டாவது முதலாவதை விளக்குகிறதா என்று பார்க்க வேண்டும், அதில் மெதுவாக வாசிக்க நேரமே இருக்காது. பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை என்று தெரிந்தும் வெற்றிடம் விட்டுவிட்டு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், கேட்டால் "தெரியாததை எப்படி சேர் கீறுவது" என்பார்கள். அந்த நேர்மைக்கு வேறு இடத்தில் பரிசு கிடைக்கட்டும், பரீட்சை மண்டபத்தில் ஏதாவது ஒன்றைக் கீறிவிட்டு வர வேண்டும்.

அப்புறம் இரண்டாம் வினாத்தாளின் சி பகுதி. சேதனத் தொகுப்பு, கற்றயன் பகுப்பாய்வு, கைத்தொழில் இரசாயனவியல் இவற்றைப் பிள்ளைகள் கடைசித் தவணைக்கு என்று ஒதுக்கி வைப்பார்கள், கடைசித் தவணையில் டியூஷன் சேர் அவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டார். 45 எடுக்கிற பிள்ளையை 60க்குக் கொண்டு போவதற்கு நான் முதலில் கை வைப்பது இங்கேதான். சமநிலைக் கணக்கையும் வெப்ப இரசாயனவியலையும் ஆறு மாதத்தில் ஒரு பிள்ளைக்கு ஊட்டிவிட முடியாது. சொல்வே முறையும் உயிர் டீசலும் எந்தக் கற்றயன் எந்தக் கூட்டத்தில் வீழ்படிவாகும் என்பதும் உட்கார்ந்து பாடமாக்கினால் வருகிற விஷயங்கள். பெரிய கல்வித் தத்துவம் பேசுகிறவர்களுக்கு இது பிடிக்காது. எனக்கும் பிடிக்காதுதான். ஆனால் 15 புள்ளி கூடினால், மேலே சொன்ன விலகல் 18 கணக்கில், இசட்டில் 0.28 ஏறும்.

மீள்பரிசீலனைக்குப் போடலாமா என்றால், பிள்ளை தன் விடையில் நல்ல நம்பிக்கையோடு இருந்து இப்படி வந்திருந்தால் போடுங்கள். அதை நம்பிப் படிப்பை நிறுத்தி வைக்க வேண்டாம்.

இனி மாமாவின் ஆர்ட்ஸ் யோசனை. மாமா பாசத்தில் சொல்கிறார், அதை மறுக்கவில்லை. ஆனால் கெமிஸ்ட்ரியில் எஸ் எடுத்த பிள்ளை கலைப் பிரிவுக்குப் போனால் கொட்டிக் கிடக்கிறது என்று நினைப்பது தப்பு. நாட்டில் உயர்தரம் எழுதுகிறவர்களில் பெரிய கூட்டம் அங்கேதான் இருக்கிறது, போட்டியும் அங்கே கடுமை, இரண்டு வருடம் அரசியலும் புவியியலும் படித்து வந்தவர்களோடு இவள் ஏழு மாதத்தில் போட்டி போட வேண்டும். பிள்ளைக்கு உண்மையிலேயே தமிழிலோ புவியியலிலோ ஆசை இருந்தால் அது வேறு, அப்படி இருந்தால் அவளே இரண்டு வருடத்துக்கு முன் சொல்லியிருப்பாள். உயிரியல் பிரிவுக்குள்ளேயே நின்று பௌதிகவியலுக்குப் பதில் விவசாய விஞ்ஞானம் எடுக்கிற வழி ஒன்று உண்டு. ஆனால் அவளுக்குப் பௌதிகவியல் சி, பிரச்சினை இரசாயனவியலில், அதனால் அந்த மாற்றத்தில் லாபம் இல்லை. மருத்துவக் கதவும் மூடிக்கொள்ளும்.

மருத்துவம் பற்றி நேரடியாகச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அந்தச் சொல்லை எழுதவில்லை என்றாலும் அது கேள்விக்குப் பின்னால் நிற்பது எனக்குத் தெரிகிறது. பி, சி, எஸ் என்ற எழுத்துகளோடு மருத்துவ பீடம், எங்கள் மாவட்டத்திலும்கூட, எதிர்பார்க்க வேண்டாம். அங்கே போகிற பிள்ளைகளின் தாள்கள் வேறு மாதிரி இருக்கும். வெளிநாட்டில் மருத்துவம் என்று முகவர்கள் வருவார்கள், காணி ஈடு வைக்கச் சொல்வார்கள். ஒரு ரூபாய் கொடுப்பதற்கு முன், திரும்பி வந்து இங்கே பதிவு செய்ய உயர்தரத்தில் குறைந்தது என்ன தரம் வேண்டும் என்று இலங்கை மருத்துவ சபையின் நிபந்தனையை வாசியுங்கள். அங்கேதான் இந்த எழுத்துகள், இசட் இல்லாமல், எழுத்தாகவே கணக்கில் வருகின்றன.

ஆனால் உயிரியல் பிரிவு என்றால் மருத்துவம், இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை என்று எங்கள் ஊரில் வைத்திருக்கிற எண்ணம் இருக்கிறதே, அது எத்தனை பிள்ளைகளின் வாழ்க்கையைத் தின்றிருக்கிறது. மூன்று நான்கு வருடத்துக்கு முன் ஒரு பிள்ளை வந்தாள், ஹட்டன் டவுனில் கம்யூனிகேஷன் கடையில் எடுத்த பிரிண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு. சி, சி, எஸ். அம்மா கொழுந்துக்குப் போகிறவர், அன்றைக்கு வேலைக்குப் பேரைப் போடாமல் வந்திருந்தார், பின்னால் நின்று அழுகிறார். தாளை விரித்து மாவட்ட நிலையைப் பார்த்தேன். அவள் நினைத்ததைவிட எவ்வளவோ மேலே. அவளுக்கு அந்த இலக்கம் என்னவென்றே தெரியாது, அதை அவள் வாசிக்கவே இல்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து முந்திய வருடத்து வெட்டுப்புள்ளி அட்டவணையில் நுவரெலியா நிரலை மேலிருந்து கீழே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தோம். சில கட்டங்களில் இலக்கமே இல்லாமல் என்.கியூ.சி. என்று இருக்கும், தகுதியான விண்ணப்பதாரி இல்லை என்று அர்த்தம். "அப்படின்னா யாருமே கேட்கலையா சேர்?" என்றாள். கேட்டிருக்கலாம், தகுதி இல்லாமல் இருந்திருக்கலாம், இப்படி ஒரு நெறி இருப்பதே தெரியாமலும் இருந்திருக்கலாம். ஊவா வெல்லஸ்ஸவில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கு என்றே ஒரு பட்டம் இருக்கிறது என்று சொன்னபோது அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா, "தேயிலைய விட்டு வெளிய போகத்தானே படிக்க வச்சேன்" என்றார். அதற்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. அவள் கடைசியில் விவசாயத்துக்குப் போனாள்.

உங்கள் தங்கச்சிக்கும் அந்த அட்டவணையோடு உட்காருங்கள். விவசாயம், உணவு விஞ்ஞானம், உயிரியல் விஞ்ஞானம், விலங்கு விஞ்ஞானம், ஏற்றுமதி விவசாயம், தாதியியல், மருந்தாக்கவியல், யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சித்த மருத்துவம் என்று உயிரியல் பிரிவுக்கு நீளமான வரிசை இருக்கிறது. சட்டம் மாதிரி எந்தப் பிரிவில் இருந்தும் விண்ணப்பிக்கக்கூடியவையும் உண்டு, அவற்றின் வெட்டுப்புள்ளி உயரம். சிலவற்றுக்கு ஓ.எல். ஆங்கிலத்தில் அல்லது கணிதத்தில் குறிப்பிட்ட தரம் கேட்பார்கள், சிலவற்றுக்குத் தனியாக உளச்சார்புப் பரீட்சை உண்டு, அந்த அறிவித்தல்களைத் தவறவிட்டால் இசட் இருந்தும் பலன் இல்லை.

விண்ணப்பத்தில் விருப்ப வரிசை போடும்போது ஒரு பிழையை எல்லோரும் செய்கிறார்கள். "இது கிடைக்காது, ஏன் முதலில் போட்டு வீணாக்க வேண்டும்" என்று ஆசைப்பட்டதைக் கீழே தள்ளிவிட்டு, கிடைக்கும் என்று நினைத்ததை மேலே போடுகிறார்கள். மேலே போட்டது கிடைக்கவில்லை என்றால் கணினி அடுத்ததைப் பார்க்கும், அதற்குத் தண்டனை இல்லை. ஆனால் கீழே போட்டதற்கு உங்கள் இசட் போதும் என்றாலும், மேலே ஒன்று கிடைத்துவிட்டால் கீழே பார்க்கவே பார்க்காது. ஆகவே உண்மையான ஆசை எந்த ஒழுங்கோ அந்த ஒழுங்கு. ஐந்து ஆறோடு நிறுத்தவும் வேண்டாம், போகத் தயாராக உள்ள எல்லாவற்றையும் போடுங்கள். போக மாட்டேன் என்பதைப் போட வேண்டாம், ஏனென்றால் ஒரு தடவை பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துவிட்டால் அடுத்த ஷையின் ரிசல்ட்டை வைத்து இன்னொரு தடவை போவது இலகு இல்லை, அந்த நிபந்தனையைப் பதிவுக்கு முன் கைநூலில் வாசித்துவிடுங்கள். "இப்போதைக்குச் சேருவோம், பிறகு பார்ப்போம்" என்று சேர்ந்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

என் அபிப்பிராயம் கேட்டால், விண்ணப்பமும் போட வேண்டும், செகண்ட் ஷைக்குப் படிக்கவும் வேண்டும், இரண்டையும் ஒன்றாக. தெரிவு வரும்போது எது நல்லது என்று பார்க்கலாம். இடம் வரவில்லை என்றாலும் எஸ் உள்ள மூன்று பாடச் சித்தி கையில் இருக்கிறது, அது வெறும் கடதாசி இல்லை. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருக்கிறது, கல்வியியற் கல்லூரிகளுக்கு வர்த்தமானி வரும்போது விஞ்ஞானம் படித்த தமிழ் மொழிமூலப் பிள்ளைகளை எங்கள் பாடசாலைகள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடுகின்றன. அரசாங்கத் தாதியர் பயிற்சிக்கு வர்த்தமானி வரும். திறந்த பல்கலைக்கழகத்துக்குக் கண்டியில் பிராந்திய நிலையம் உண்டு, வேலை செய்துகொண்டே விஞ்ஞானப் பட்டம் செய்யலாம், ஆனால் இழுக்கும், வருடக்கணக்கில் இழுக்கும், அதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். காசுக்கு, தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு என்றே இந்திய உயர்ஸ்தானிகராலயத்தோடு சேர்ந்த இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் ஒன்று இருக்கிறது, அதற்கு அம்மாவோ அப்பாவோ தோட்டத்துப் பதிவில் பேர் உள்ளவர் என்பதை உறுதிப்படுத்த வேண்டி வரும். தோட்ட ஒஃபிஸில் அந்தக் கடிதத்தை இப்போதே கேட்டு வையுங்கள், கடைசி நாளில் கேட்டால் துரை இல்லை, கிளாக் இல்லை என்று அலைய விடுவார்கள்.

நீங்கள் பெறுபேற்றுத் தாளை முழுசாகப் படம் எடுத்து அனுப்புங்கள், தங்கச்சியின் பெயரையும் சுட்டெண்ணையும் மறைத்துவிட்டு. இசட், மாவட்ட நிலை, பொதுச் சாதாரண பரீட்சைப் புள்ளி மூன்றும் தெரிய வேண்டும். ஓ.எல். ஆங்கிலத்துக்கு என்ன எடுத்தாள் என்பதையும் எழுதுங்கள். முடிந்தால் அடுத்த தடவை நீங்கள் எழுதாமல் அவளையே எழுதச் சொல்லுங்கள், கெமிஸ்ட்ரி முதல் தாளில் எத்தனை வினாவை வெற்றிடமாக விட்டாள் என்று அவளிடம்தான் கேட்க வேண்டும்.